அணுவற்ற வெக்டர் அளவையின் வீச்சகம் ஏன் குவிவாக வருகிறது, எங்கே வராமல் போகிறது

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. அணுக்கள் இல்லாத ஒரு அளவை (கணங்களுக்கு எண் மதிப்பு கொடுக்கும் விதி) பூஜ்ஜியத்திலிருந்து மொத்தம் வரை எல்லா மதிப்புகளையும் எடுக்கும் என்பது உங்களுக்குப் புரிகிறது. அப்படிப்பட்ட சில அளவைகளை வரிசையாக வைத்து ஒரு வெக்டர் அளவையாக்கினால் அதன் வீச்சகம், அதாவது அது எடுக்கும் மதிப்புகள் எல்லாம் சேர்ந்த கணம், குவிவுக் கணம் (எந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டும் உள்ளேயே அடங்கும் கணம்) என்கிறது லியாபுனோவ் தேற்றம். ஒவ்வொரு கூறிலும் இடைமதிப்புத் தேற்றத்தைப் போட்டாலே இது வந்துவிடாதா? ஹில்பர்ட் வெளியில் (முடிவிலிப் பரிமாணமும் இருக்கக்கூடிய, நீளமும் செங்குத்தும் பேச முடிகிற வெக்டர் வெளியில்) மதிப்பெடுக்கும் அளவை ஒன்று உங்கள் ஆய்வில் வருகிறது, அங்கேயும் இதைப் பயன்படுத்தலாமா? பார்வைக்கு இரண்டு கேள்விகள், அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்துப் பல அளவைகளுக்கு ஒரே சமயத்தில் நாம் விரும்பும் மதிப்பைக் கொடுக்க முடிகிறது. அதற்கான சுதந்திரம் எங்கிருந்து வருகிறது? அது தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்கு ஏன் 'வராது' என்பதும், இரண்டாவதற்கு ஏன் 'அப்படியே முடியாது' என்பதும் தானே விளங்கும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். இங்கே அளவை என்றால் முடிவுள்ள, எண்ணிடத்தக்க கூட்டல் பண்புள்ள அளவை, அதாவது ஒன்றையொன்று வெட்டாத துண்டுகளின் அளவுகளைக் கூட்டினால் மொத்தத்தின் அளவு வரும். எதிர்க்குறி மதிப்புகளும் இருக்கலாம். அணு என்பது, அளவு பூஜ்ஜியமல்லாத, ஆனால் அப்படிப்பட்ட இரண்டு துண்டுகளாகப் பிரிக்க முடியாத கணம். அணுவற்ற ஒற்றை அளவை இடையிலுள்ள எல்லா மதிப்பையும் எடுக்கும் என்பது 1922இல் சியர்பின்ஸ்கி நிறுவியது. பல அளவைகளுக்கான தேற்றம் 1940இல் அலெக்சேய் அந்திரேயவிச் லியாபுனோவ் தந்தது. நிலைப்புத்தன்மைக் கோட்பாட்டில் வரும் லியாபுனோவ் வேறு ஆள். அவர் 1918இலேயே இறந்துவிட்டார். மாணவர்கள் இந்த இருவரையும் அடிக்கடி ஒருவராக்கிவிடுகிறார்கள். தேற்றம் சொல்வது இரண்டு விஷயம்: எண்ணிக்கை முடிவுள்ள அணுவற்ற அளவைகளைக் கொண்ட வெக்டர் அளவையின் வீச்சகம் குவிவானது, அதோடு காம்பாக்ட், அதாவது மூடியதும் வரம்புக்குட்பட்டதும்கூட.

கூறு கூறாகப் பார்ப்பது ஏன் போதாது? வளையம் போன்ற ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிழல் இரண்டு அச்சுகளிலும் முழு இடைவெளியாகவே விழும், ஆனால் நடுவில் ஓட்டை இருக்கும். ஒவ்வொரு கூறும் எல்லா மதிப்பையும் எடுக்கிறது என்பது நிழலைப் பற்றிய செய்தி மட்டுமே. கொஞ்சம் கூடுதலாகப் போய், சிறியதிலிருந்து பெரியதாகத் தொடர்ச்சியாக வளரும் ஒரு கணச் சங்கிலியை எடுத்தாலும் வீச்சகத்துக்குள் ஒரு வளைகோடு கிடைக்கும், அவ்வளவுதான். பூஜ்ஜியம் முதல் 1 வரையான இடைவெளியில் முதல் அளவை நீளம், இரண்டாவது அளவை x என்ற இடத்தில் 2x என்ற அடர்த்தி கொண்டது என்று வையுங்கள். இடது முனையிலிருந்து வெட்டும் துண்டுகள் ஒரு எண்ணையும் அதன் வர்க்கத்தையும் தருகின்றன, அதாவது ஒரு பரவளையம். வலது முனையிலிருந்து வெட்டினால் அதன் தலைகீழ்ப் பிரதி. உண்மையான வீச்சகம் இந்த இரண்டு பரவளையங்களுக்கு நடுவே உள்ள பகுதி முழுவதும். நடுப்புள்ளியான (1/2, 1/2) எந்தப் பரவளையத்திலும் இல்லை; அது கிடைக்க 1/4 முதல் 3/4 வரையான துண்டை எடுக்க வேண்டும். ஆக, சரியான கணத்தைத் தேடத்தான் வேண்டும், அது தானாக வந்து விழுவதில்லை.

இங்கே வேலையைப் பாதியாக்கும் ஒரு சுருக்கம் உண்டு. எந்தக் கணத்தை எடுத்தாலும் அதற்குள் எல்லா அளவைகளும் சரியாகப் பாதியாகும் ஒரு உட்கணம் இருக்கிறது என்று காட்டினாலே போதும். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் எந்த விகிதத்துக்கும் உட்கணம் கிடைக்கும். அப்புறம் க, ச என்ற இரண்டு கணங்களின் மதிப்புகளுக்கு நடுவே 30 சதவீதம், 70 சதவீதம் என்ற கலவை வேண்டுமென்றால், பொதுப்பகுதியை முழுதாக வைத்துக்கொண்டு, க-வில் மட்டும் உள்ள பகுதியிலிருந்து 30 சதவீதமும், ச-வில் மட்டும் உள்ள பகுதியிலிருந்து 70 சதவீதமும் எடுத்துச் சேர்த்தால் முடிந்தது.

இரண்டு நேர்ம அளவைகளைப் பாதியாக்க உண்மையிலேயே இடைமதிப்புத் தேற்றம் போதும், நீங்கள் நினைத்தது இந்த அளவுக்குச் சரி. முதல் அளவையின் இடத்தில் இரண்டின் கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் இரண்டாவதும் பாதியானால் முதலாவதும் பாதியாகும். மேலும் கூட்டல் பூஜ்ஜியமாகும் இடத்தில் இரண்டாவதும் பூஜ்ஜியமாகும் என்பதால் தொடர்ச்சி கெடாது. இந்தக் கூட்டல் சீராக வளரும் ஒரு கணச் சங்கிலியை எடுத்து, அதன் மீது பாதி அளவு கொண்ட ஒரு சாளரத்தை இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். தொடக்கத்தில் சாளரம் முதல் பாதி, முடிவில் அதன் நிரப்பி, அதாவது மிச்சப் பாதி. தொடக்கத்தில் இரண்டாவது அளவை பாதிக்குக் குறைவென்றால் முடிவில் பாதிக்கு மேல். நடுவே எங்கோ சரியாகப் பாதி. அழகான வாதம்தான், ஆனால் இரண்டோடு நின்றுவிடுகிறது. மூன்று அளவைகளுக்கு ஒரு சாளரத்தை நகர்த்துவது போதாது. நகர்த்த ஒரே ஒரு திசைதான் இருக்கிறது, பூர்த்தி செய்ய வேண்டிய நிபந்தனைகளோ கூடிவிட்டன.

அதனால் பொது நிரூபணம் வேறு வழியில் போகிறது. எளிமைக்காக ஐந்து அளவைகள் என்று வைத்துக்கொள்வோம். கணங்களுக்குப் பதிலாக, பூஜ்ஜியத்துக்கும் 1க்கும் இடையே மதிப்பெடுக்கும் சார்புகளை எடுங்கள். ஒரு கணம் என்பது ஒவ்வொரு புள்ளியையும் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்கிறது. இந்தச் சார்பு 'இவ்வளவு பங்கு உள்ளே' என்கிறது. ஒவ்வொரு சார்பையும் ஐந்து அளவைகளின் மீதும் தொகையிட்டால் ஐந்து எண்கள் கிடைக்கின்றன. சார்புகளின் தொகுப்பு குவிவானது, வீக்-ஸ்டார் இடவியலில் (தொகையீடுகளின் மதிப்புகளை வைத்து மட்டும் நெருக்கத்தைப் பார்க்கும் முறையில்) காம்பாக்ட். தொகையிடல் நேரியல், அந்த இடவியலில் தொடர்ச்சியானது. எனவே இந்தப் பங்குச் சார்புகள் தரும் மதிப்புகளின் கணம் குவிவானது, காம்பாக்ட். இதில் சண்டை போட எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: பங்குச் சார்பால் கிடைக்கும் ஒவ்வொரு மதிப்பும் ஒரு உண்மையான கணத்தாலும் கிடைக்குமா?

ஒரு மதிப்பைப் பிடித்துக்கொண்டு, அதைத் தரும் எல்லாப் பங்குச் சார்புகளையும் திரட்டுங்கள். அந்தத் திரளும் குவிவு, காம்பாக்ட். எனவே கிரேய்ன்–மில்மன் தேற்றப்படி அதற்கு ஒரு முனைப்புள்ளி உண்டு, அதாவது திரளில் உள்ள வேறு இரண்டு சார்புகளின் நடுப்புள்ளியாக அமையாத ஒரு சார்பு. இந்தச் சார்பு பூஜ்ஜியமும் 1உம் தவிர வேறு மதிப்பு எடுக்கிறது என்று வைப்போம். அப்படியானால் அளவு பூஜ்ஜியமல்லாத ஒரு பகுதியில் அது இரண்டு எல்லைகளிலிருந்தும் சற்று விலகியே இருக்கும். மேலேயும் கீழேயும் கொஞ்சம் அசைய இடம் உண்டு. அணுக்கள் இல்லை என்பதால் அந்தப் பகுதியை ஆறு துண்டுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் சார்பை ஒரு சிறிய மாறிலி அளவு அசைக்கலாம்: ஆறு மாறிகள். ஐந்து தொகைகளும் மாறக்கூடாது: ஐந்து சமன்பாடுகள், வலப்பக்கம் எல்லாம் பூஜ்ஜியம். மாறிகள் சமன்பாடுகளைவிட அதிகம் என்றால் பூஜ்ஜியமல்லாத தீர்வு உண்டு, இது பள்ளியில் படித்த அணிக்கணிதம். அந்தத் தீர்வை வேண்டிய அளவு சுருக்கி, ஒரு முறை கூட்டியும் ஒரு முறை கழித்தும் பார்த்தால் திரளில் இருக்கும் இரண்டு வேறு சார்புகள் கிடைக்கின்றன, அவற்றின் நடுவில் நம் முனைப்புள்ளி உட்கார்ந்திருக்கிறது. இது முரண்பாடு. ஆகவே முனைப்புள்ளி பூஜ்ஜியம், 1 மட்டுமே எடுக்கும் சார்பு, அதாவது ஒரு கணம். நிரூபணம் இவ்வளவுதான்.

இதில் எந்த நிபந்தனை எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள். அணுவின்மை ஒரே ஒரு இடத்தில் வருகிறது, ஆறு துண்டுகள் கிடைப்பதற்கு. பரிமாணம் முடிவுள்ளது என்பதும் ஒரே ஒரு இடத்தில், சமன்பாடுகள் ஐந்தோடு நிற்பதற்கு. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த ஆறுக்கும் ஐந்துக்கும் இடையிலான இடைவெளிதான். லியாபுனோவின் மூல நிரூபணம் இவ்வளவு சுலபமானதல்ல. 1948இல் ஹால்மோஸ் அதை எளிதாக்கினார். முனைப்புள்ளி வழியாகச் செல்லும் மிகக் குறுகிய நிரூபணத்தை 1966இல் லிண்டன்ஸ்ட்ராஸ் தந்தார். மேலே எழுதியது அந்த வழியின் ஒரு வடிவம். வேடிக்கை என்னவென்றால், கிரேய்ன்–மில்மன் தேற்றம் வெளிவந்ததும் அதே 1940இல்தான். கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தும் இரண்டும் இப்படிச் சேர கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அணுக்கள் இருந்தால் குவிவு போய்விடும் என்று சில குறிப்புகளில் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அணுவின்மை போதுமான நிபந்தனை, தேவையான நிபந்தனை அல்ல. 1/2, 1/4, 1/8 என்று எடையுள்ள புள்ளிகளை மட்டும் கொண்ட ஓர் அளவை முழுக்க அணுக்களால் ஆனது. ஆனால் இரும எண் விரிவு காரணமாக பூஜ்ஜியம் முதல் 1 வரை எல்லா மதிப்பையும் எடுக்கிறது. எடைகளை 2/3, 2/9, 2/27 என்று மாற்றினால் வீச்சகம் கான்டர் கணமாகிவிடுகிறது: மூடியது, ஆனால் குவிவிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். இறங்குவரிசையில் உள்ள எடைகளுக்கு எல்லை எங்கே என்பதை ககேயா 1914இலேயே சொல்லிவிட்டார்: ஒவ்வொரு எடையும் தனக்குப் பின்வரும் எல்லாவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டாமல் இருந்தால்தான் வீச்சகம் முழு இடைவெளி. முடிவுள்ள பரிமாணத்தில் மூடியதாக இருப்பது மட்டும் அணுக்கள் இருந்தாலும் தப்பிவிடுகிறது.

வீச்சகம் குவிவு என்று தெரிந்தபின், எந்தக் குவிவுக் கணமும் வீச்சகமாக வரலாமா என்று கேட்பது இயல்பு. வராது. ஒரு கணத்தின் மதிப்பையும் அதன் நிரப்பியின் மதிப்பையும் கூட்டினால் மொத்தம் கிடைப்பதால், வீச்சகம் எப்போதும் மொத்தத்தின் பாதியை மையமாகக் கொண்டு சமச்சீராக இருக்கும். எனவே முக்கோணம் வீச்சகமாக முடியாது. வட்டத்தட்டு முடியும்: ஒரு முழுச் சுற்றின் மீது கோசைனையும் சைனையும் அடர்த்தியாக எடுத்தால், ஆதியை மையமாகவும் 2 ஐ ஆரமாகவும் கொண்ட தட்டு கிடைக்கிறது. தாளில் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் அரைச்சுற்றில் கிடைக்கிறது. தளத்தில் மையச் சமச்சீர் போதும். மூன்று பரிமாணத்தில் போதாது: எண்முகி மையச் சமச்சீர் கொண்டதுதான், ஆனால் அதன் முகங்கள் முக்கோணங்கள், ஆகவே அது வீச்சகமாக வராது. இப்படி வரக்கூடிய வடிவங்களுக்கு ஸோனாய்டு என்று பெயர். கோட்டுத்துண்டுகளைக் கூட்டிக் கிடைக்கும் பலமுகிகளின் எல்லை வடிவங்கள் அவை.

பயன்பாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில், இடைப்பட்ட கட்டுப்பாடுகளால் சென்றடையக்கூடிய நிலையை எல்லையில் மட்டும் மாறி மாறி நிற்கும் கட்டுப்பாடுகளாலும் சென்றடையலாம் என்ற பாங்-பாங் கொள்கை, லசால் 1960இல் எழுதியது, மேலே பார்த்த முனைப்புள்ளி வாதத்தின் நேரடிப் பிரதிபலிப்பு. 1951இல் துவோரெட்ஸ்கி, வால்ட், வுல்ஃபோவிட்ஸ் மூவரும் புள்ளியியல் முடிவெடுப்பில் சமவாய்ப்புக் கலப்பு எப்போது தேவையில்லை என்று இதே தேற்றத்தின் பொதுமையாக்கத்தால் காட்டினார்கள். பங்கீட்டில் டூபின்ஸ், ஸ்பேனியர் 1961இல். எண்ணற்ற வணிகர்கள் கொண்ட சந்தை மாதிரியில் ஔமன் 1964இல். என் பழக்கம் பகுப்பாய்வுப் பக்கம்தான், பொருளாதாரப் பக்கத்தைப் பற்றி இதற்குமேல் நான் பேசக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும்: தேற்றம் கணம் இருக்கிறது என்கிறதே தவிர எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்வதில்லை, அந்தக் கணம் எவ்வளவு சிக்கலானது என்றும் சொல்வதில்லை. இடைவெளியின் மீதான அணுவற்ற அளவைகளைப் பாதியாக்க மட்டும் நல்ல செய்தி உண்டு. 1965இல் ஹாபி, ரைஸ் இருவரும் காட்டியபடி, ஐந்து அளவைகள் என்றால் ஐந்து வெட்டுகள் போதும், பிறகு துண்டுகளை இரண்டு பக்கமாகப் பிரித்துவிடலாம். அங்கே வேலை செய்வது முனைப்புள்ளி அல்ல, இடவியல்.

இப்போது உங்கள் ஹில்பர்ட் வெளி. சமன்பாடுகள் எண்ணற்றவையாகிவிட்டன, மாறிகளும் எண்ணற்றவை. 'ஆறு ஐந்தைவிடப் பெரிது' என்று சொல்ல வழியில்லை. தேற்றம் இங்கே உண்மையிலேயே உடைகிறது, லியாபுனோவே 1946இல் எதிர்க்காட்டு கொடுத்தார். இன்று வழக்கமாகச் சொல்லப்படுவது வால்ஷ் சார்புகளை வைத்து. அவை கூட்டல் 1, கழித்தல் 1 மட்டும் எடுப்பவை. முதலாவது எங்கும் 1. எல்லாம் சேர்ந்து எல்-இரண்டு வெளிக்கு (வர்க்கத்தைத் தொகையிட முடிகிற சார்புகளின் வெளிக்கு) முழுமையான செங்குத்து அமைப்பு, அதாவது எல்லாவற்றுக்கும் செங்குத்தான சார்பு பூஜ்ஜியம் மட்டுமே. ஒரு கணத்தின் மீது ஒவ்வொரு வால்ஷ் சார்பையும் தொகையிட்டு, வேகமாகக் குறையும் எடைகளால், 2இன் அடுக்குகளால் வகுத்து, வரிசையாக வையுங்கள். இதோ ஹில்பர்ட் வெளியில் மதிப்பெடுக்கும் அணுவற்ற அளவை. மொத்தத்தின் பாதியைத் தரும் கணம் இருந்தால், அதன் குறிகாட்டிச் சார்பிலிருந்து (கணத்துக்குள் 1, வெளியே பூஜ்ஜியம்) 1/2 ஐக் கழித்தது எல்லா வால்ஷ் சார்புகளுக்கும் செங்குத்து, ஆகவே பூஜ்ஜியம். ஆனால் அது எங்கும் கூட்டல் அல்லது கழித்தல் 1/2. முடியாது. அதாவது சமன்பாடுகள் எல்லா மாறிகளையும் தின்றுவிட்டன, அசைய இடமில்லை.

இந்த எதிர்க்காட்டு அவ்வளவு கொடூரமானதும் அல்ல. முதல் நூறு சமன்பாடுகளை மட்டும் எடுத்தால் சாதாரண லியாபுனோவ் தேற்றம் ஒரு கணத்தைத் தரும், மிச்சமுள்ள கூறுகள் மிக மிகச் சிறியவை. எனவே பாதி மதிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், தொடத்தான் முடியாது. இது தற்செயல் அல்ல. 1969இல் ஊல் நிறுவியது: வெளிக்கு ராடன்–நிகோடிம் பண்பு (அதில் மதிப்பெடுக்கும் நல்ல அளவைகளை ஒரு அடர்த்தியின் தொகையீடாக எழுத முடிவது) இருந்து, அளவையின் மொத்த மாற்றம் (துண்டுகளாக வெட்டி, மதிப்புகளின் நீளங்களைக் கூட்டினால் எட்டும் உச்ச அளவு) முடிவுள்ளதாக இருந்தால், அணுவற்ற அளவையின் வீச்சகத்தின் மூடல் (எல்லைப் புள்ளிகளையும் சேர்த்த கணம்) குவிவு, காம்பாக்ட். ஹில்பர்ட் வெளிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பண்பு உண்டு. மாற்றம் முடிவுள்ளது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கணத்துக்கும் அதன் குறிகாட்டிச் சார்பையே மதிப்பாகக் கொடுத்து எல்-இரண்டில் பாருங்கள்: 1/2 என்ற மாறிலிச் சார்பிலிருந்து ஒவ்வொரு கணமும் சரியாக 1/2 தூரத்தில் நிற்கிறது. நெருங்கக்கூட முடியாது. இந்த அளவையின் மொத்த மாற்றம் முடிவிலி. இதே அளவையை எல்-ஒன்றில் (தனி மதிப்பைத் தொகையிட முடிகிற சார்புகளின் வெளியில்) எடுத்தால் மாற்றம் முடிவுள்ளது, ஆனால் எல்-ஒன்றுக்கு ராடன்–நிகோடிம் பண்பு இல்லை. அங்கும் அதே 1/2 தூரம். இரண்டு நிபந்தனைகளும் ஏன் தேவை என்பதை இந்த ஒரே உதாரணம் சொல்லிவிடுகிறது. வலுவற்ற இடவியலில் (நேரியல் அளவீடுகள் வழியாக மட்டும் நெருக்கத்தைப் பார்க்கும் முறையில்) மூடினால் மட்டும் இந்த நிபந்தனைகள் எதுவும் வேண்டாம், மூடல் எப்போதும் குவிவுதான்.

வீச்சகமே, மூடல் இல்லாமல், குவிவாக இருப்பது எப்போது என்பதற்கும் துல்லியமான பதில் உண்டு; நோல்ஸ் 1975இல் தந்தது. அளவு பூஜ்ஜியமல்லாத ஒவ்வொரு பகுதியிலும், அளவையின் தொகையைப் பூஜ்ஜியமாக்கும் ஒரு வரம்புள்ள, பூஜ்ஜியமல்லாத சார்பு இருக்க வேண்டும். அப்படி எல்லாப் பகுதிகளிலும் இருந்தால் ஒவ்வொரு பகுதியின் மீதும் வீச்சகம் குவிவு, வலுவற்ற இடவியலில் காம்பாக்ட், எதிர்த்திசையும் உண்மை. மேலே ஆறு துண்டுகளில் தேடிய அதே அசைவுதான் இது, கண்டுபிடிப்பதற்குப் பதிலாக நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை வாதத்தை மீட்டெடுக்கவும் ஒரு வழி உண்டு. பிரிக்கத்தக்க வெளியில் (எண்ணிடத்தக்க புள்ளிகளை வைத்தே எந்தப் புள்ளியையும் நெருங்க முடிகிற வெளியில்) சமன்பாடுகள் எண்ணிடத்தக்கவை. அடிப்படை அளவை வெளியை, அதன் எந்தப் பகுதியிலும் எல்-ஒன்று பிரிக்கத்தகாததாக இருக்கும்படி பெரிதாக எடுத்தால் மாறிகள் மறுபடியும் ஜெயிக்கின்றன. இத்தகைய செறிவுற்ற அளவை வெளிகளில் தேற்றம் முழுதாக நிற்கும் என்று கான், சகாரா இருவரும் 2013இல் காட்டினார்கள். லெபேக் அளவையுள்ள இடைவெளி செறிவுற்றது அல்ல. எண்ணிட முடியாத அளவு நாணயச் சுண்டல்களின் பெருக்கல் வெளி செறிவுற்றது.

ஆகவே உங்கள் ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது அளவையின் மொத்த மாற்றம். அது முடிவுள்ளது என்றால், தோராயத் தீர்வு போதுமான இடங்களில் எல்லாம் ஊல் தேற்றத்தைப் போட்டு நடக்கலாம்; 'உகந்த கணம் இருக்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள், 'உகந்த மதிப்பை நெருங்கும் கணங்கள் இருக்கின்றன' என்று எழுதுங்கள். சரியான சமத்துவமே வேண்டுமென்றால் நோல்ஸ் நிபந்தனையை உங்கள் அளவைக்குச் சோதித்துப் பாருங்கள். அளவை ஒரு அடர்த்தியால் வருகிறது என்றால் சோதனை இப்படி: ஒவ்வொரு பகுதியிலும் அந்த அடர்த்தியின் கூறுகளின் நேரியல் சேர்க்கைகள் எல்-ஒன்றை அடர்ந்து நிரப்பாமல் (அதன் எல்லாச் சார்புகளையும் நெருங்கிவிடாமல்) இருக்கின்றனவா? நிரப்பாவிட்டால் தேற்றம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஏதாவது ஒரு பகுதியில் நிரப்பிவிட்டால், அந்தப் பகுதியின் பாதி மதிப்பைத் தரும் உட்கணம் அதற்குள் கிடையாது; வால்ஷ் உதாரணத்தின் கடைசி மூன்று வரிகளே அங்கே நிரூபணம்.